சப்பாத்தைக் கழற்றுமுன் ஒரு கணக்கு

ஓடுகிறவளுக்கு முழங்கால் வலி வந்துவிட்டால் ஆலோசனைக்குப் பஞ்சமே இருக்காது. எனக்கு வந்தது படி இறங்கும்போது முழங்கால் சில்லைச் சுற்றி ஒரு குடைச்சல். ஒருவர் புதுச் சப்பாத்து வாங்கச் சொன்னார். இன்னொருவர், கேட்காமலே, எடையைக் குறைக்கச் சொன்னார். பினாங்கு யூத் பார்க்கில் எங்களோடு ஓடும் தம்பி ஒருவர் மட்டும் வேறு மாதிரி சொன்னார்: "அக்கா, சப்பாத்தே வேணாம். கழட்டிட்டு ஓடிப் பாருங்க. முட்டி வலி தானா போயிடும்." அவர் அப்படித்தான் ஓடுகிறார். வெறுங்கால், ஒல்லி உடம்பு, இருபத்தைந்து வயது. அதில் கடைசி இரண்டும் என்னிடம் இல்லை என்பதை அவரிடம் நான் சொல்லவில்லை.

சிரித்துத் தள்ளிவிடவும் முடியவில்லை. நமக்கு வெறுங்கால் என்ன புதிதா? தைப்பூசத்துக்கு முதல் நாள் ரதம் வரும் வழியெல்லாம் பினாங்கில் மலைமலையாகத் தேங்காய் உடைப்பார்கள். மறுநாள் காவடியும் பால்குடமும் எடுத்து, வெறுங்காலோடு தண்ணீர்மலைக்கு நடக்கிறவர்கள் ஆயிரக்கணக்கில். வெயில் ஏறியதும் தார் சுடும் என்று வழியில் நிற்பவர்கள் காலில் தண்ணீர் ஊற்றுவார்கள். அதற்குப் பிறகு மேலே கோயிலுக்கு 513 படி. இத்தனையும் செய்கிற கால், சப்பாத்தில்லாமல் கொஞ்ச தூரம் ஓடாதா என்றுதான் எனக்கும் தோன்றியது.

ஆனால் நடப்பதும் ஓடுவதும் ஒன்றல்ல. நடக்கும்போது ஒரு காலாவது எப்போதும் தரையில் இருக்கும். ஓடும்போது இரண்டு காலும் காற்றில் இருக்கும் நொடி ஒன்று உண்டு. அதனால் இறங்கும் கால் ஒவ்வொரு முறையும் நம் எடையைப் போல் இரண்டு, இரண்டரை மடங்கு வாங்கிக்கொள்கிறது. என்னைப் போல மெதுவாக ஓடுகிறவருக்குக் கிலோமீட்டருக்கு ஆயிரம் தடவைக்கு மேல் கால் ஊன்ற வேண்டியிருக்கும். பால்குடம் வருடத்துக்கு ஒரு நாள். ஓட்டமோ வாரத்தில் பாதி நாள்.

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருக்கிறவள் நான். எதையும் இரண்டு பக்கமும் எழுதிப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டேன். அதனால் முதலில் படித்தேன்.

வெறுங்கால் ஓட்டம் இவ்வளவு பேசப்பட்டதற்கு ஒரு காரணம், 2010இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் டேனியல் லீபர்மன் குழு 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு. சிறு வயதிலிருந்தே வெறுங்காலில் ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் பாதத்தின் முன்பக்கத்தைத்தான் முதலில் ஊன்றுகிறார்கள், குதிகாலில் இறங்குகிறவருக்கு விழும் அந்தத் திடீர் மொத்து அவர்களுக்கு விழுவதில்லை என்று அது அளந்து காட்டியது. ஆனால் அப்படி ஓடினால் காயமே வராது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. மற்றவர்கள்தான் அப்படிச் சொல்லிக்கொண்டார்கள். மூன்று வருடம் கழித்து, வடக்குக் கென்யாவில் வெறுங்காலிலேயே வாழும் டாசனெச் மக்களை வேறொரு குழு ஓடவிட்டுப் பார்த்தது. சௌகரியமான வேகத்தில் அவர்களில் பெரும்பாலோர் குதிகாலைத்தான் முதலில் ஊன்றினார்கள். 'இயற்கையான ஓட்டம் இதுதான்' என்று யாராவது அடித்துச் சொன்னால், நான் இப்போது அந்த டாசனெச் மக்களை நினைத்துக்கொள்வேன்.

அதே 2013இல் அமெரிக்காவில் இன்னொரு ஆய்வு. சாதாரணச் சப்பாத்தில் ஓடிக்கொண்டிருந்தவர்களில் ஒரு பகுதியினரை 10 வாரத்தில் விரல் விரலாகப் பிரிந்த மெல்லிய சப்பாத்துக்கு மாறச் சொன்னார்கள். மாறிய 19 பேரில் 10 பேருக்குப் பாத எலும்பின் உள்ளே வீக்கம் கூடியிருந்தது எம்ஆர்ஐ படத்தில் தெரிந்தது. பத்து வாரம் என்பது பலர் 'மெதுவாகத்தான் மாறினேன்' என்று சொல்லிக்கொள்ளும் காலம். எலும்புக்கு அது மெதுவில்லை. தசை சில வாரத்தில் பழகிவிடும். எலும்பும், தசையை எலும்போடு இணைக்கும் நாணும் மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். அந்த வகைச் சப்பாத்தைப் பிரபலமாக்கிய வைப்ரம் நிறுவனம், உடல்நலப் பயன் பற்றித் தன் விளம்பரம் சொன்னதற்கு ஆதாரம் போதவில்லை என்று போடப்பட்ட வழக்கை, தவறை ஒப்புக்கொள்ளாமல், 2014இல் 37.5 லட்சம் டாலருக்கு முடித்துக்கொண்டது.

எல்லோரும் உதாரணம் காட்டும் அபேபே பிகிலாவையும் பார்த்துவிடலாம். எத்தியோப்பியக்காரரான அவர் 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலில் ஓடி வென்றார். நேரம் 2 மணி 15 நிமிடம் 16 வினாடி. அதே மனிதர் 1964இல் தோக்கியோவில் சப்பாத்துப் போட்டுக்கொண்டு ஓடினார், மூன்று நிமிடம் குறைவாக எடுத்துக்கொண்டு மறுபடியும் வென்றார். இதில் சப்பாத்தின் பெருமையும் இல்லை, வெறுங்காலின் பெருமையும் இல்லை. பிகிலாவின் பெருமைதான் இருக்கிறது.

எனக்குத் தெளிவு வந்தது பிசியோதெரபிஸ்டிடம் போன பிறகு. அவர் ஒரு தாளில் காலை வரைந்து இரண்டு அம்புக்குறி போட்டார். முன்பாதத்தில் இறங்கினால் முழங்காலுக்கு வேலை குறையும், உண்மை. அந்த வேலை எங்கேயும் ஓடிப்போவதில்லை. கெண்டைக்கால், குதிகாலுக்கு மேலே இருக்கும் தடித்த நாண், பாதத்தின் சின்ன எலும்புகள், இவற்றின் தலையில் வந்து விழும். என் தொழிலில் இதற்குக் கடனை அடைத்தல் என்று பெயரில்லை. ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு மாற்றி எழுதுவதுதான். அப்படியானால் கேள்வி வெறுங்கால் நல்லதா கெட்டதா என்பதே இல்லை. புதுக் கணக்கில் கையிருப்பு இருக்கிறதா?

அதைப் பார்க்கவும் அவரே வழி சொன்னார். சுவரில் விரல் நுனியை வைத்து ஒற்றைக் காலில் நின்று, முழங்காலை மடக்காமல் குதிகாலை முழு உயரத்துக்குத் தூக்கி இறக்க வேண்டும். இருபதைத் தாண்டினால் சரி. என் வலது கால் எப்படியோ தாண்டிவிட்டது. இடது கால் பாதியிலேயே நடுங்க ஆரம்பித்து, உயரம் குறைந்து, கடைசியில் நானே உடம்பை முன்னால் சாய்த்து ஏமாற்றப் பார்த்தேன். "அது கணக்கில்லை" என்றார் அவர்.

என் செருப்பையும் கேட்டார். அலுவலகத்துக்கு ஒன்றரை அங்குலக் குதி வைத்தது. ஓடுகிற சப்பாத்திலோ குதிப்பக்கம் முன்பக்கத்தைவிட 10 மில்லிமீட்டர் உயரம். ஆக, வெளியில் இருக்கும் நேரம் முழுக்க என் குதிகால் தூக்கியே இருக்கிறது, கெண்டைக்கால் முழு நீளத்துக்கு நீள்வது குறைவு. இந்தக் காலைத் தட்டைத் தரையில் இறக்கி ஓடச் சொன்னால் முதலில் கத்துவது அந்த நாண்தான். ஓட்டம் அப்புறம் இருக்கட்டும், முதலில் ஆபீஸ் செருப்பை மாற்றுங்கள் என்றார். தட்டைச் செருப்புக்கு மாறினேன். பார்க்க ஒன்றும் நன்றாக இல்லை.

இந்தப் பேச்செல்லாம் வீட்டில் நடக்கும்போது என் மாமா கேட்டுக்கொண்டிருந்தார். நிபோங் திபால் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர், எழுபதைத் தாண்டியவர். "வெறுங்காலுக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டுட்டு வர்றியா? நாங்க பள்ளிக்கூட ஓட்டப் பந்தயமே வெறுங்கால்லதான் ஓடுனோம்" என்றார். உண்மைதான். அந்தக் கால் இப்போதும் அகலமாக, விரல்கள் விரிந்து, உள்ளங்கால் தடித்துத்தான் இருக்கிறது. நானும் நடக்கிறேன் என்று மறுநாள் காலையில் செருப்பில்லாமல் கிளம்பத் தயாராகிவிட்டார்.

நான் விடவில்லை. மாமாவுக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) வந்து பல வருடம் ஆகிறது. அடுத்த முறை அரசாங்கக் கிளினிக்கில் கால் உணர்ச்சிப் பரிசோதனைக்குப் போனபோது கூடவே போனேன். தாதி கையில் ஒரு பிடி, அதன் நுனியில் விறைப்பான நைலான் இழை. இழை வளையும் வரை உள்ளங்காலில் அழுத்தினால் அது 10 கிராம் அழுத்தம். மாமா கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், பட்டதும் "ஆமாம்" என்று சொல்ல வேண்டும். பெருவிரல் அடியில் வைத்தார், ஆமாம். நடுவில் வைத்தார், ஆமாம். சுண்டுவிரலுக்குக் கீழே வைத்து இழை நன்றாக வளைந்தது. மாமா அமைதியாக இருந்தார். குதிகால் பக்கம் வைத்தார், அப்போதும் அமைதி. "ஆரம்பிச்சாச்சா?" என்று மாமா கேட்டபோது தாதி ஏற்கெனவே எழுதி முடித்திருந்தார்.

2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களான நம்மிடம்தான் அதிகம். அதனால்தான் மேலைநாட்டுக்காரர்கள் எழுதும் வெறுங்கால் அறிவுரையை நம் ஆட்கள் அப்படியே எடுத்துக்கொள்வது எனக்கு உடன்பாடில்லை. கண்ணாடிச் சில்லு குத்தியது தெரிந்தால் பிடுங்கிப் போடலாம். தெரியாத காலுக்கு அது புண்ணாகி, சீழ் வைத்த பிறகுதான் தெரியும். அதோடு நம் ஈர மண்ணில் மெலியோய்டோசிஸ் என்ற நோயைத் தரும் கிருமி வாழ்கிறது. வெட்டுக்காயம் வழியாக உள்ளே போகும், இனிப்பு நீர் உள்ளவர்களைத்தான் அதிகம் வீழ்த்தும். மழை பெய்து சாக்கடை பொங்கிய தெருவில் எலிக்காய்ச்சல் பயமும் உண்டு. மாமாவுக்கு இப்போது வீட்டுக்குள்ளும் செருப்புதான். முணுமுணுத்துக்கொண்டே போடுகிறார்.

எனக்கு இனிப்பு நீர் இல்லை, கால் உணர்ச்சி சரியாக இருந்தது. அடுத்த கேள்வி: எங்கே ஓடுவது? இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, ஆனால் பினாங்கில் பாதி முடிவை இதுவே எடுத்துவிடும். இங்கே ஏழு மணிக்கு மேல்தான் சூரியன் எட்டிப் பார்க்கும். வேலைக்குப் போகிறவர்கள் ஓடுவது அதற்கு முன், இருட்டில். தெருவிளக்கு வெளிச்சத்தில் எது இலை, எது கண்ணாடி என்று தெரியாது. சரி, விடிந்தபின் ஓடலாம் என்றால் பத்து மணிக்கெல்லாம் தார் சுட ஆரம்பித்துவிடும். மிச்சம் இருப்பது விடிந்ததும் கிடைக்கும் ஒரு சின்ன இடைவெளி. அதுவும் என்னைப் போன்றவர்களுக்குச் சனி, ஞாயிறு மட்டும்.

பொட்டானிக்கல் கார்டன் சாலை சுத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் குரங்குகள் குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துவிட்டுப் போன இடங்களைப் பார்த்து மிதிக்க வேண்டும். கடைசியில் எனக்குச் சரிப்பட்டது எங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) திடல். புல் மெத்தென்று இருப்பதால் நல்லது என்றுதான் நினைத்துப் போனேன். ஆனால் புல்லுக்கு அடியில் குழியும் மேடும் தெரிவதில்லை, கணுக்கால் பிசகலாம். காலுக்குப் பாடம் சொல்லித்தருவது வழவழப்பான சிமெண்டுத் தரைதான். அதில் தப்பாக ஊன்றினால் உடனே வலிக்கிறது, அப்போதே திருத்திக்கொள்கிறோம். அதனால் திடலை ஒட்டிய பூப்பந்துத் தளத்தில் கொஞ்சம், புல்லில் கொஞ்சம் என்று வைத்துக்கொண்டேன்.

முதலில் வெறும் நடை, வீட்டில் எப்போதும் வெறுங்கால், பல் துலக்கும்போது அந்தக் குதிகால் தூக்கும் பயிற்சி. இடது கால் வலதை எட்டிப்பிடித்த பிறகுதான் ஓட்டம். அதையும் தூரக் கணக்கில் வைக்கவில்லை. திடலின் ஒரு பக்கம் ஓட்டம், மறுபக்கம் நடை. அதுவும் அன்றைய ஓட்டத்தின் தொடக்கத்தில், கால் களைக்குமுன். 'ஓடி முடித்துவிட்டுக் கடைசியில் கொஞ்சம் வெறுங்காலில்' என்பது பலர் செய்வது. களைத்த கால் தொப்தொப்பென்று விழும், அது பயிற்சியாகாது. மறுநாள் கண்டிப்பாக ஓய்வு. மற்ற ஓட்டமெல்லாம் பழைய சப்பாத்தில்தான்.

வலியைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். இரண்டு கெண்டைக்காலும் ஒரே மாதிரி இறுகி, படி இறங்கும்போது முனகவைத்து, இரண்டு நாளில் போனால் அது வேலை செய்த தசை. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிநாணில் விறைப்பு வந்தால், அந்த வாரம் கூட்டக்கூடாது. பாதத்தின் மேல்பக்கம் ஒரு விரல் வைத்துக் காட்டும் அளவுக்கு ஒரே இடத்தில் வலித்து, அழுத்தினால் சுள்ளென்றால், ஓட்டத்தை அங்கேயே நிறுத்த வேண்டும். எலும்பில் மயிரிழை விரிசலாக இருக்கலாம். ஆரம்பத்தில் எடுக்கும் எக்ஸ்ரேயில் அது தெரியாமலே போகலாம். 'படம் நல்லா இருக்கு' என்று நம்பி மறுபடி ஓடிக் கெடுத்துக்கொண்டவர் எங்கள் கூட்டத்திலேயே உண்டு.

இதற்கு நடுவில் மெல்லிய சப்பாத்து ஒன்று வாங்கலாமா என்று விலை பார்த்தேன். கையில் எடுத்தால் காற்று மாதிரி இருக்கிறது, விலைச்சீட்டைத் திருப்பினால் பல நூறு ரிங்கிட். குறைவாகச் செய்ததற்கு ஏன் கூடுதல் விலை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. அப்போதுதான் மாமா தன் பழைய நண்பனை ஞாபகப்படுத்தினார்: அடிடாஸ் கம்போங்.

மலேசியாவில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரே வார்ப்பில் செய்த கறுப்பு ரப்பர் சப்பாத்து. உள்ளே துணி இல்லை, பஞ்சு இல்லை, அடியில் சின்னச் சின்ன ரப்பர் குமிழ்கள். குதியும் முன்பக்கமும் ஏறக்குறைய ஒரே மட்டம். பால்மரம் சீவுகிறவர்கள் போட்டது, இப்போது கினாபாலு மலையில் சுமை தூக்குகிறவர்கள் காலிலும் காட்டுப் பாதையில் ஓடுகிறவர்கள் காலிலும் பார்க்கலாம். பாசாரிலும் இரும்புக் கடையிலும் பத்துப் பதினைந்து ரிங்கிட்டுக்குக் கிடைக்கும். புதிதில் ரப்பர் வாடை வீட்டையே தூக்கும், வெளியில் தொங்கவிட வேண்டும். விளிம்பு கணுக்காலை அறுக்கும், அதனால் நீளமான பந்து விளையாட்டுக் காலுறை அவசியம். காற்றே போகாது, ஓடி முடித்துக் கழற்றிக் கவிழ்த்தால் வியர்வை சொட்டும். ஈர மண் பாதையில் பிடிமானம் நன்றாக இருக்கிறது. தாரில் அந்தக் குமிழ் ஒவ்வொன்றும் உள்ளங்காலில் தெரிகிறது, அரைமணி நேரத்துக்கு மேல் என்னால் முடியவில்லை. முன்பக்கமும் எனக்குக் கொஞ்சம் இறுக்கம். அகலப் பாதம் உள்ளவர்கள் ஓர் அளவு பெரிதாக வாங்கலாம். மெல்லிய சப்பாத்து தனக்கு ஒத்துவருமா என்று தெரிந்துகொள்ள நூற்றுக்கணக்கில் செலவழிக்குமுன், இந்தப் பத்து ரிங்கிட் சோதனை போதும் என்பது என் கட்சி.

சரி, முழங்கால் என்ன ஆயிற்று? குறைந்தது. பொட்டானிக்கல் கார்டன் இறக்கத்தில் இப்போது பயமில்லாமல் இறங்குகிறேன். ஆனால் அந்தப் பெருமை முழுக்க வெறுங்காலுக்குத்தான் என்று என்னால் எழுத முடியாது. அதே மாதங்களில் தொடைக்கும் இடுப்புக்கும் பயிற்சி செய்தேன், ஓடும் தூரத்தையும் குறைத்திருந்தேன். அதைவிட முக்கியமானது, வெறுங்காலில் ஓடும்போது என் சத்தம் எனக்குக் கேட்டது. அதுவரை நான் தடால் தடாலென்று, காலை வெகு தூரம் முன்னால் நீட்டிக் குதிகாலில் விழுந்துகொண்டிருந்தேன். சிமெண்டில் அப்படி ஒரு அடி வைத்தாலே போதும், இரண்டாவது அடி தானாகக் குட்டையாகிவிடும். அந்தக் குட்டை அடியைச் சப்பாத்துக்குள்ளும் கொண்டுபோனேன். ஒரு நிமிடத்தில் வைக்கும் அடிகளை 5 முதல் 10 விழுக்காடு கூட்டினாலே முழங்கால் மேல் விழும் சுமை குறைகிறது என்று ஆய்வுகளும் சொல்கின்றன. அதற்குச் சப்பாத்தைக் கழற்ற வேண்டியதே இல்லை. வேகத்தைக் கூட்டாமல் அடியை மட்டும் சின்னதாக்க வேண்டும், கூட ஓடுகிறவருக்கு உங்கள் சத்தம் கேட்கக்கூடாது, அவ்வளவுதான்.

அதனால் இப்போது யாராவது கேட்டால் முதலில் எங்கே வலி என்றுதான் கேட்கிறேன். முழங்கால் என்றால் குட்டை அடியை முயற்சி செய்யுங்கள், அப்புறம் வெறுங்காலைப் பற்றிப் பேசலாம். குதிநாண், குதிகால், முன்பாதம் என்றால் வேண்டவே வேண்டாம், அது வலிக்கிற இடத்திலேயே சுமையை ஏற்றுவதாகும். இனிப்பு நீர் இருந்தால் அந்த நைலான் இழைப் பரிசோதனை செய்யாமல் பேச்சே இல்லை. வலியே இல்லாமல் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறவர் மாற வேண்டிய காரணம் எனக்குத் தெரியவில்லை. ஆசை என்றால் வாரத்தில் ஒரு நாள் திடலில் ஓடிப் பார்க்கட்டும், டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து வருடம் ஆகிவிட்டதா என்று பார்த்துவிட்டு.

அந்தத் தம்பி இன்னும் வெறுங்காலில்தான் ஓடுகிறார், ஒரு குறையும் இல்லை. பிறகுதான் தெரிந்தது, சின்ன வயதிலிருந்தே தாமானில் வெறுங்காலில் பந்து விளையாடி வளர்ந்தவராம். அவர் எதிலிருந்தும் மாறவே இல்லை. ஆண்டு இறுதியில் பினாங்குப் பால மாரத்தானுக்கு என்னையும் பேர் கொடுக்க வைத்துவிட்டார். பாதி மாரத்தான், இருட்டிலேயே தொடங்கும், முழுக்கத் தார், நடுவில் பாலத்தின் இரும்பு இணைப்புகள். அதற்கு நான் போட்டுக்கொள்ளப் போவது கனமான அடி வைத்த சப்பாத்துதான், ஆனால் குதி உயரம் முன்பைவிடக் கொஞ்சம் குறைந்தது. வாங்கி வந்துவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை நீள ஓட்டத்தில் பழக்கிக்கொண்டிருக்கிறேன்.